வீட்டுக்காரியின் தகப்பன்

"வீடு யாருடைய பெயரில் என்று கேளுங்கள்" என்றார் அந்த வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"இவட பேரிலதான்" என்றார் தவநாதன் அண்ணன். அவருடைய இடுப்பில் இருந்த குழந்தை என் பேனாவைப் பிடிக்கக் கையை நீட்டியது.

வெள்ளைக்காரர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "குழந்தைக்கு எத்தனை வயது?"

"வாற ஆவணியில ஒரு வயசு."

"சரி, காணி யாருடையது?"

"காணி இவட தாய்ட. தாய் இப்ப இல்ல. அப்ப இவடதான்."

"அப்படியானால் இவர் யார்?"

இதை எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். "நீங்கள் யார் என்று கேட்கிறார், அண்ணன்" என்றேன்.

"நான் இருக்கிற ஆள் எண்டு சொல்லுங்க தங்கச்சி."

இருக்கிற ஆள் என்பதை ஆங்கிலத்தில் தங்கியிருப்பவர் என்றும் சொல்லலாம், உயிரோடு மிஞ்சியவர் என்றும் சொல்லலாம். நான் தங்கியிருப்பவர் என்று சொன்னேன்.

"இவருக்கென்று சொந்த வீடு இல்லையா?"

"ஆம்பிளைக்கு ஏது வீடு? வாகரையில இருந்தது அம்மாட வீடு, அத என்ட தங்கச்சிக்குக் குடுத்தாச்சு. இது இவட தாய் கலாஜினிட வீடு. மறுகா இவட வீடு. நாளைக்கு இவவுக்கு ஒருத்தன் வருவான், அவனும் என்ன மாதிரி இருக்கிற ஆள்தான். அவருட ஊரில ஆம்பிளைக்கு வீடு குடுக்கிறாங்களெண்டா நான் அங்க வாறன் எண்டு சொல்லுங்க."

கடைசி வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. மற்றதைக் கேட்டுவிட்டு வெள்ளைக்காரர் மணலைப் பார்த்தார். அந்த இடத்தில் முன்பிருந்த வீட்டின் படி ஒன்று மட்டும் மணலுக்கு வெளியே தெரிந்தது. "நல்லது" என்றார். "வீட்டுக்காரி கையொப்பம் வைக்கும்வரை தகப்பன் வைக்கட்டும்."

அது 2005 ஆனி மாதம், தேற்றாத்தீவில். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. முந்தைய மார்கழியில் கடல் ஊருக்குள் வந்து போனபின் வீடு கட்டிக்கொடுக்க வந்த நிறுவனமொன்றில் நான் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். மட்டக்களப்பில் இரண்டு மொழியிலும் படித்ததால் கிடைத்த வேலை. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. என் பேச்சு எதுவும் தேவைப்படாத அந்த வேலை எனக்குப் பொருந்தியது.

தவநாதன் அண்ணன் சொன்னதில் விளையாட்டுப் பாதிதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகும். தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்கு. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். ஆண் தாய் வீட்டிலிருந்து புறப்பட்டு மனைவியின் வீட்டுக்குப் போகிறவன். மனைவி இறந்துபோனால் அவன் எந்த வீட்டில் இருப்பது என்பதற்கு மட்டும் ஊரில் தெளிவான பதில் இல்லை. பெரும்பாலும் வேறொருத்தியின் வீட்டுக்குப் போய்விடுவான்.

அவர் வாகரையிலிருந்து கரைவலை இழுக்கும் கூட்டத்தோடு வந்தவர். பருவம் முடிந்து கூட்டம் திரும்பியபோது அவர் திரும்பவில்லை. கலாஜினியின் வீடும் வளவும் கடலோரத்தில் இருந்தன. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தலை முழுகப் போகிறேன், பிள்ளையைக் கொஞ்ச நேரம் கொண்டுபோங்கள் என்று கலாஜினி சொல்லியிருக்கிறார். தவநாதன் அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் தோணித்துறைக்கு வந்தார். அதனால்தான் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். இதை அவர் எனக்கு ஒருமுறை சொன்னார். பிறகு யாரிடமும் சொன்னதாக நான் கேட்கவில்லை.

அதன்பின் அவர் கடலுக்குப் போகவில்லை. வாவியில் வலை வீசினார். குழந்தையை விட ஆளில்லாததால் அதையும் தோணியில் கொண்டுபோனார். நிவாரணத்தில் கிடைத்த நீலப் பிளாஸ்டிக் பேசினுக்குள் சாக்கை மடித்துப் போட்டு, அதில் குழந்தையை இருத்தி, மேலே குடையொன்றைக் கட்டியிருந்தார். அவர் கரைக்கு வரும்போது துறையில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

"என்னடா தவம், இண்டைக்கு உன்ட மீன் கத்துது" என்பார் கனகசூரியம். துறையில் மூத்தவர் அவர்தான்.

"வீட்டுக்காரிக்குப் பசி, மச்சான். வாடகை கேக்கிறா."

"குடுத்திடு. இல்லாட்டி எழுப்பிப்போடுவா."

மகளுக்கு நிலுக்ஷா என்று பெயர் வைத்திருந்தும் அவர் அப்படிக் கூப்பிட்டது குறைவு. புது வீடு எழும்பியபின் வாசலில் நின்று, "வீட்டுக்காரி, உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவார். குழந்தை கையைத் தட்டும். "உத்தரவு கிடைச்சித்து" என்று எங்களைப் பார்த்துச் சொல்வார்.

வீடு பெண்ணின் பெயரில் இருந்ததால் நிறுவனத்தின் வீட்டுரிமைப் பெண்கள் கூட்டத்துக்கு நிலுக்ஷாவுக்கும் அழைப்புப் போனது. யாரோ பெயரை மட்டும் பார்த்து எழுதிவிட்டார்கள். தவநாதன் அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இது பொம்பிளையளிட கூட்டம், அண்ணன்" என்றேன் மெதுவாக.

"தெரியும் தங்கச்சி. உரிமைக்காரி படுத்திருக்கா. எழும்பினாப் பறைவா, பேச்செல்லாம் அவதான்."

அன்று கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கடல் வந்தபின் அந்தப் பெண்கள் ஒன்றாகச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அடுத்த மாதமும் அவர் வந்தார். போகப் போகப் பெண்கள் அவரை மறந்துவிட்டுத் தங்கள் கதைகளைக் கதைத்தார்கள். தையல் பழக்கியபோது அவரும் பழகினார். அவர் தைத்த முதல் சட்டையில் ஒரு கை மற்றதைவிட நீளம். நிலுக்ஷா அதைத்தான் எப்போதும் கேட்டு அழுவாள்.

நான் அந்த வளவைக் கடந்துதான் வேலைக்குப் போய்வருவேன். பின்னேரங்களில் அவர் அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பது தெரியும். குழந்தையோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அது தூங்கியதும் பேச்சு நின்றுவிடும். வீடு வீடாக வானொலி கேட்கும் நேரத்தில் அந்த வீட்டில் மட்டும் ஒன்றும் கேட்காது. மனைவியின் அக்கா பாலசுந்தரியின் வளவு அடுத்ததுதான். ஆனால் அவருடைய ஒரே மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. கணவர் கட்டாரில். கடலோரத்தைப் பார்க்க முடியாமல் பாலசுந்தரி அக்கா களுவாஞ்சிக்குடியில் உறவினர் வீட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டார்.

2007 பங்குனியில் வாவிக்கு மேற்கே சண்டை மூண்டது. அந்தக் கரையான படுவான்கரைச் சனம் அள்ளுப்பட்டு எங்கள் பக்கம் வந்தது. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. எறிகணைகள் எங்கள் தலைக்கு மேலால் போயின. ஒருநாள் அப்படிப் போனபோது நிலுக்ஷா பாயில் எழும்பி இருந்து, "டேய், படுக்க விடுடா" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாளாம். அடுத்த நாள் துறை முழுவதும் அந்தக் கதைதான். யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. தவநாதன் அண்ணனும் சிரித்தார். ஆனால் என்னிடம் வந்து, "புள்ள ஆம்பிளை மாதிரிப் பறையிறா, தங்கச்சி" என்றார்.

உண்மைதான். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பெண்கள் கூப்பிடும்போது சொல்லின் கடைசியில் ஒரு 'கா' ஒட்டிக்கொள்ளும். வாகா, என்னகா, இருகா. அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கிணற்றடியிலும் குசினியிலும் கேட்டுக் கேட்டு வருவது. தோணியிலும் துறையிலும் வளர்ந்த நிலுக்ஷாவுக்கு 'டா'வும் மச்சானும் தவிர வேறு வரவில்லை.

அந்த வருடம் நிறுவனம் ஒரு பாலர் பாடசாலை தொடங்கியது. வாவிக்கு அந்தப் பக்கம் வெல்லாவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த உசாந்தி அதற்கு ஆசிரியை. உதவிக்கு நான். முதல் நாள் அவர் வாசலில் குந்தி, நிலுக்ஷாவின் கையைப் பிடித்து, "பேர் என்ன மகள்?" என்று கேட்டார்.

"நீ ஆருடா மச்சான்?" என்றாள் நிலுக்ஷா.

"நான் டீச்சர்."

"சரிடா டீச்சர்."

உசாந்தி சிரித்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். தவநாதன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "குறை நினைக்காதீங்க டீச்சர், துறையில கேட்டுப் பழகினது" என்றார். அன்றிலிருந்து கனகசூரியத்துக்கு ஒரே வேலை. "புள்ள முறை வைச்சிட்டாள். டீச்சர் அவளுக்கு மச்சானெண்டா உனக்கு என்ன முறைடா தவம்?" என்று தோணி கட்டும்போதெல்லாம் கேட்பார்.

இடம்பெயர்ந்தவர்கள் சில மாதங்களில் திரும்பிப் போனார்கள். உசாந்தியின் தாயும் போனார். உசாந்தி வேலைக்காக ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். அவருடைய தம்பியை இயக்கம் வன்னிக்குக் கொண்டுபோயிருந்தது. அவனைப் பற்றி அவர் பேசமாட்டார். பிள்ளைகளோடு நாள் முழுதும் சத்தமாகப் பேசுவார். பாடசாலை விட்டபின் நிலுக்ஷாவின் வீட்டுக்குப் போய், தலை வாரிவிட்டு, "இருகா, ஆடாதகா" என்று சொல்வது வீதிவரை கேட்கும். ஒருநாள் நிலுக்ஷா தகப்பனைப் பார்த்து, "வாகா, சோறு தின்ன" என்றாள். அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அவர் மாறியதை நான் கண்டேன். நல்ல இறால் பட்டால் சந்தைக்குப் போகாமல் பாடசாலைக்கு வரும். சேட்டுப் போட்டு அதை உள்ளே விட்டு உடுக்கத் தொடங்கினார். ஒரு பின்னேரம் எல்லோருக்கும் முன்னால், "வீட்டுக்காரி, டீச்சரையும் நம்மட வீட்டில வைச்சிருப்பமா?" என்று மகளிடம் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு உசாந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"வரட்டும்டா" என்றாள் நிலுக்ஷா.

அதற்குள் பாலசுந்தரி அக்கா தன் வளவுக்குத் திரும்பியிருந்தார். முதலில் நிலுக்ஷாவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், பிறகு அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உசாந்தியின் கதை காதில் விழுந்ததும் வேலியடியில் நின்று சொன்னார். நான் அப்போது அங்கே தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.

"நீங்க போறதெண்டாப் போங்க மச்சான். ஆம்பிளை எவ்வளவு காலத்துக்குத் தனிய இருக்கிறது. புள்ளைய மட்டும் விட்டுட்டுப் போங்க. அது எங்கட குடிப்புள்ள. நான் அதுக்குப் பெரியம்மா."

"அவதான் என்ன வைச்சிருக்கா, மச்சாள். அவ எழுப்பினா எழும்பிப் போறன்."

"விளையாட்டுப் பறையாதீங்க."

"விளையாட்டில்ல மச்சாள்" என்றார் அவர்.

2009 வைகாசியில் வன்னியிலும் சண்டை முடிந்தது. பிரதான வீதியில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் வளவுகளிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. உசாந்தி அன்று பாடசாலைக்கு வந்து, பிள்ளைகள் இல்லாத வகுப்பில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. ஆனியிலும் வரவில்லை.

ஆனி முடியும்போது ஒரு பின்னேரம் உசாந்தியும் தவநாதன் அண்ணனும் பாடசாலை விறாந்தையில் பேசியது எனக்குக் கேட்டது. நான் உள்ளே கரும்பலகைச் சோக்கட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை ஆட்கள் மறந்துவிடுவார்கள்.

"அம்மா தனிய இருக்கா. நான் போகத்தான் வேணும்" என்றார் உசாந்தி.

"ஓம் டீச்சர்."

"ஓம் எண்டு மட்டும் சொன்னா?"

"வேற என்ன சொல்ல?"

"நீங்களும் வாங்க. புள்ளையோட வாங்க. எனக்கு வீடு இருக்கு, வட்டையில காணி இருக்கு. வாவியில்லாட்டி என்ன, வேளாண்மை செய்யலாம்."

"எனக்கென்ன, நான் எங்கயும் இருப்பன். இருந்து பழகின ஆள். இவ?"

"இவளும்தான். நான் பாக்கமாட்டனா?"

"பாப்பீங்க. அது எனக்குத் தெரியும்" என்றார் அவர். "நாளைக்கு உங்களுக்கு ஒரு பொம்பிளைப்புள்ள புறந்தா அந்த வீடு ஆருக்கு, டீச்சர்?"

உசாந்தி பொய் சொல்லத் தெரியாதவர். "என்ட மகளுக்கு" என்றார்.

"அப்ப இவ?"

"இவளுக்குத்தான் இஞ்ச ஒண்டு இருக்கே."

"ஆளில்லாத வீடு எவ்வளவு காலத்துக்கு வீடா இருக்கும்? மச்சாள் பாத்துக்கொள்ளுவா. மறுகா புள்ளையையும் அவதான் பாப்பா. நான் பாதையில ஏறி வாவி கடந்து வந்து பாத்திட்டுப் போற ஆளா இருப்பன்." அவர் சிரிக்க முயன்றார். "நீங்க இஞ்ச வாங்களன். வீட்டுக்காரி ஓம் எண்டுதான் சொன்னவ."

"நான் வந்திருப்பன்" என்றார் உசாந்தி. "சின்னப்புள்ளைட வீட்டில வந்து குடியேறினவ எண்டு ஊர் சிரிச்சா நானும் சேந்து சிரிச்சிருப்பன். அம்மா அந்த வீட்ட விட்டு அசையமாட்டா. தம்பி வந்தா அங்கதானே வருவான் எண்டு படலையப் பாத்துக்கொண்டு இருக்கா. அவவத் தனிய விட்டுட்டு நான் எப்படி?"

"விடேலாது" என்றார் அவர்.

"கோவமா?"

"இல்ல டீச்சர். நீங்களும் நானும் ஒரே கணக்குத்தான் பாக்கிறம்."

நான் அடுக்கிய சோக்கட்டிகளைக் கொட்டி மறுபடியும் அடுக்கினேன். வெளியே போக எனக்கு வழி இருக்கவில்லை.

குருமண்வெளித் துறையிலிருந்து ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அதில்தான் உசாந்தி போனார். வழியனுப்ப நாங்கள் மூவரும் போயிருந்தோம். தவநாதன் அண்ணன் அவருடைய பெட்டியைத் தூக்கி ஏற்றி, அது நனையாத இடமாகப் பார்த்து இரண்டு தடவை மாற்றி வைத்தார். பாதை நகர்ந்ததும், "டீச்சர், வாகா" என்று நிலுக்ஷா கத்தினாள். உசாந்தி கையை அசைத்தார். அது நடுவாவிக்குப் போகும்வரை நின்றுவிட்டு, நாங்கள் திரும்பினோம். அடுத்த தையில் உசாந்திக்குக் கலியாணம் நடந்தது என்று கேள்விப்பட்டோம். மாப்பிள்ளை அந்த ஊர்தான், வேளாண்மைக்காரர்.

சண்டை முடிந்ததும் நிறுவனமும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கூட்டங்கள் இல்லை. எனக்குக் களுவாஞ்சிக்குடியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நிலுக்ஷா முதலாம் வகுப்புக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் இருந்து தகப்பனுக்காகக் காத்திருப்பாள். நான் கடந்து போகும்போது, "எங்க போறாய் மச்சான்?" என்று கேட்பாள். முன்பு வந்திருந்த 'கா' மெல்ல மெல்லப் போய்விட்டது. நாளடைவில் கேள்விகளும் குறைந்தன. தலையை மட்டும் அசைப்பாள்.

அவர் வாவிக்குப் போய்வந்தார், சமைத்தார், உடுப்புத் துவைத்தார். துறையில் பகிடிக்குப் பகிடி சொன்னார். வளவுக்குள் வந்ததும் அவரிடமும் பேச்சில்லை. உள்ளே வர உத்தரவு கேட்பதையும் விட்டுவிட்டிருந்தார். பிள்ளை பெரிதாகிவிட்டது, வெட்கப்படுகிறது என்றார். கிழிந்த வலை பொத்துவதற்கென்று வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, பின்னேரம் முழுவதும் அங்கேயே இருந்தார்.

ஒருநாள் நான் வேலைவிட்டு வரும்போது எங்கள் படலையடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் கட்டிய மீன் கோர்வை ஒன்று. அதை நீட்டாமலே பேசத் தொடங்கினார்.

"தங்கச்சி, ஒரு உதவி. சொன்னாச் சிரிக்கப்படாது."

"சொல்லுங்க அண்ணன்."

"எங்கட வீட்ட பின்னேரத்தில கொஞ்ச நேரம் வந்திருந்து பறைஞ்சித்துப் போவீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. "யாரோட அண்ணன்?"

"புள்ளையோட. இல்லாட்டி ஆரோடயும். அவ பறையிறல்ல, தங்கச்சி. அந்த வீட்டில பொம்பிளைக் குரல் கேக்கிறல்ல. நான் பறைஞ்சா ஆம்பிளைப் பறைச்சல்தானே வருது."

"பாலசுந்தரி அக்கா?"

"மச்சாள் வாறா. வந்தா வாசல்ல இருந்து அழுறா. கலாஜினிட வீடெல்லோ. அவவும் இருக்கட்டும், அவ இருந்தா ஊரும் ஒண்டும் சொல்லாது."

நான் பேசத் தெரியாதவள் என்பது ஊருக்கே தெரியும். அதைத்தான் சொன்னேன்.

"தெரியும். அதுதான் கேக்க நாலஞ்சு நாள் எடுத்தது" என்றார். "என்னவெண்டாலும் பறையலாம். இண்டைக்கு என்ன கறி, பஸ்ஸில என்ன நடந்தது, அப்பிடி. இங்கிலீசில எண்டாலும் பரவாயில்ல. நான் உள்ளுக்கு வரமாட்டன். கொட்டில்ல வலை பொத்தித்து இருப்பன்."

நான் தலையாட்டினேன். அவர் மீன் கோர்வையைப் படலையில் மாட்டிவிட்டுப் போனார். நாலைந்து அடி போய், திரும்பி நின்றார்.

"கொஞ்சம் சத்தமாத்தான் பறையணும், தங்கச்சி. கொட்டிலுக்கும் கேக்கிற மாதிரி."